பெட்ஷீட் கவரில் போட்டிருக்கும் அந்த எண்ணை நம்பலாமா?

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, ‘த்ரெட் கவுண்டை மட்டும் பார்த்து பெட்ஷீட் வாங்காதீர்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 300, 400, 600, 1000 என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எண் கூடினால் தரம் கூடும் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் 1000 போட்ட செட், 400 போட்டதைவிட மலிவாக இருக்கிறது. இது எப்படி?

அந்தச் சந்தேகம் வந்தவரைக்கும் நல்லது, பலருக்கு வருவதே இல்லை.

முதலில் அந்த எண் எதை எண்ணுகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் த்ரெட் கவுண்ட். பாவில் 110, ஊடையில் 90 என்றால் 200. அவ்வளவுதான் விஷயம். பருத்தி எப்படிப்பட்டது, நூல் எவ்வளவு உறுதி, என்ன நெசவு, சாயம் நிற்குமா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கிடையாது.

அப்புறம், இந்த எண்ணை இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. நல்ல பெட்ஷீட்டுகளுக்குப் பரவலாகப் போடுவது 60-ஆம் நம்பர் நூல் (நம்பர் ஏற ஏற நூல் மெலிசு). அந்த நூலை ஒன்றோடொன்று ஒட்டி இடைவெளியே இல்லாமல் அடுக்கினால்கூட ஓர் அங்குலத்துக்குள் ஏறக்குறைய 215, 220 இழைதான் பிடிக்கும். துணியாக நெய்ய வேண்டுமென்றால் குறுக்கு நூல் மேலும் கீழும் போய்வர இடம் விட்டாக வேண்டும், அதனால் ஒன்றுவிட்டு ஒன்று பின்னும் சாதா நெசவில் கிட்டத்தட்ட அதில் பாதிதான் நிற்கும். பாவில் ஒரு 110, ஊடையில் ஒரு 110. இன்னும் மெலிதான 100-ஆம் நம்பர் நூலுக்குப் போனாலும் 140-ம் 140-ம் சேர்ந்து 280 பக்கம்தான் வருகிறது. சாட்டின் நெசவில் பின்னல் குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாக நெருக்கலாம். இப்படியெல்லாம் நெருக்கியும் ஒற்றை நூலில் 400, 500 தாண்டுவது பெரிய வேலை, செலவும் எகிறும்.

அப்படியானால் 1000 எங்கிருந்து வந்தது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இரண்டு மூன்று மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்கி நெய்துவிட்டு, எண்ணும்போது ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக எண்ணுவது. உண்மையில் 250 த்ரெட் கவுண்ட் உள்ள துணி, இரண்டு இழை முறுக்கிய டூ-பிளை நூலில் நெய்யப்பட்டால் கவரில் 500 ஆகிவிடும், நாலு இழை முறுக்கியிருந்தால் 1000. இரண்டாவது வழி தறியிலேயே நடக்கிறது. பாவு விரிந்து வழிவிடும் ஒவ்வொரு முறையும் ஓர் ஊடை நூல் போக வேண்டிய இடத்தில் நாலு, ஆறு என்று மெல்லிய நூல்களை ஒரே வீச்சில் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். நாலு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே கதவில் நுழைகிற மாதிரி. தறி ஓடுவது அதே வேகம்தான், எண் மட்டும் பல மடங்காகிவிடும். இந்த மாதிரி துணிகளில் சிலவற்றில் ஊடையில் போவது பருத்தியே இல்லை, மெல்லிய பாலியெஸ்டர் இழை. உங்கள் மலிவு விலைப் புதிருக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

துணி சோதனைக்கான சர்வதேச முறை ஒன்று உண்டு, ஏ.எஸ்.டி.எம். டி3775 என்று பெயர். அதன்படி எத்தனை இழை சேர்த்து முறுக்கியிருந்தாலும் அது ஒரு நூல்தான். 2005-இல், அமெரிக்காவில் வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் ஜவுளித் தொழில் சங்கம் ஒன்று இதைப் பற்றிக் கேட்டபோது, முறுக்கிய இழைகளைத் தனித்தனியாக எண்ணிப் பெருக்கிக் காட்டுவது வாங்குபவர்களைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகலாம் என்றும், ‘300 த்ரெட் கவுண்ட், டூ-பிளை நூல்’ என்பது போல விவரமாகப் போடலாம் என்றும் கமிஷனின் அதிகாரிகள் பதில் எழுதினார்கள். அதன் பிறகும் 1000, 1200 எல்லாம் கடைகளில் ஜோராக விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

முறுக்கு நூல் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல டூ-பிளை நூலில் நெய்த துணி கனமாக, நீடித்து உழைக்கும். 250-ஐ 250 என்று சொல்லி விற்றால் எனக்கு அதோடு ஒரு சண்டையும் இல்லை.

கேள்வி: சரி, எந்த எண் போட்டதைத்தான் வாங்குவது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரி போதாது, ஏனென்றால் நெசவைக் கேட்காமல் எண்ணைச் சொல்ல முடியாது.

பெர்கேல் என்று போட்டிருந்தால் அது சாதா நெசவு, ஒரு நூல் மேலே ஒரு நூல் கீழே. 200-லிருந்து 300 வரை இருந்தால் தாராளம். கையில் எடுத்தால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மொடமொடப்பாக இருக்கும், பளபளப்பு இருக்காது, காற்று நன்றாகப் போய்வரும், கசங்கவும் செய்யும். பல ஹோட்டல்களில் படுத்ததும் ‘அட, என்ன சுகம்’ என்று தோன்றுகிறதே, அது பெரும்பாலும் இந்த 200–300 ரகம்தான். 1000 ஒன்றும் கிடையாது.

காட்டன் சாட்டின் என்றால் ஒரு நூல் மூன்று நான்கு நூல்களைத் தாண்டி மேலாக மிதந்து, பிறகு ஒன்றின் கீழே நுழையும். மேலே மிதக்கும் நூல் அதிகம் என்பதால் வழுவழுப்பு, பளபளப்பு, அழகாகத் தழையும் வாகு, கொஞ்சம் கதகதப்பு எல்லாம் கிடைக்கும். 300–400 நல்ல அளவு. ஆனால் அதே மிதக்கும் நூல்தான் மோதிரத்திலும் கால் நகத்திலும் பூனையின் நகத்திலும் மாட்டி இழுபடும், உரசி உரசிச் சீக்கிரம் தேய்வதும் அதுதான்.

நான் வாங்குவதாக இருந்தால் ஒற்றை நூலில் நெய்த 250 பக்கத்து பெர்கேல். 500-க்கு மேல் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

கேள்வி: ஒரு பெட்ஷீட் கவரில் த்ரெட் கவுண்ட் 210 என்றும், கூடவே 40-ஆம் நம்பர் நூல் என்றும் இருக்கிறது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும். நம்பர் என்பது நூலின் மெலிவு: ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜச் சிட்டம் (சுற்றிவைத்த நூல் கற்றை) எத்தனை கிடைக்கிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர், 60 வந்தால் 60. எண் ஏற ஏற நூல் மெலிசு. த்ரெட் கவுண்ட், அந்த நூலை எவ்வளவு நெருக்கி நெய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. 40-ஆம் நம்பரில் 210 என்றால் கெட்டியான, உழைக்கிற துணி. இரண்டு விவரத்தையும் வெளிப்படையாக அச்சடிக்கிற தயாரிப்பாளர்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

கேள்வி: கவரில் போட்டிருப்பது உண்மையா என்று வீட்டிலேயே எண்ணிப் பார்க்க முடியுமா?

முடியும், பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். ஆலைகளில் இதற்கென்று பிக் கிளாஸ் என்ற சின்ன மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். நமக்கு போன் கேமரா போதும், மேக்ரோ வசதி இருந்தால் ரொம்ப நல்லது. துணியை ஜன்னல் கண்ணாடிமேல் இழுக்காமல் ஒட்டிவைத்து, பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலையும் வைத்துப் படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக நெசவு தெரியும். ஒரு சென்டிமீட்டர் முழுக்க எண்ணக் கண் வலித்தால் அரை சென்டிமீட்டர் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். முதலில் நீளவாக்கு, அப்புறம் குறுக்குவாக்கு.

நீளவாக்கில் சென்டிமீட்டருக்கு 40, குறுக்கே 32 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு மாற்ற 2.54-ஆல் பெருக்கினால் 102-ம் 81-ம் வரும், கூட்டினால் 183. கவரில் 180 என்று இருந்தால் நேர்மையான ஆள். 600 என்று இருந்தால் அடுத்த வேலைக்குப் போங்கள்: ஓரத் தையலுக்குள் மடிந்திருக்கும் பிசிறு விளிம்பிலிருந்து ஒரு நூலை மட்டும் உருவி, இரண்டு நுனியையும் பிடித்து முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக உருட்டுங்கள். ஒற்றை நூலாக இருந்தால் முறுக்கு அவிழ்ந்ததும் பஞ்சாகி, லேசாக இழுத்தாலே பிரிந்து போய்விடும். முறுக்கு நூலாக இருந்தால் இரண்டு தனி நூலாகத் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஊடைப் பக்கம் உருவும்போது ஒரு நூலுக்குப் பதிலாக மூன்று நான்கு மெல்லிய நூல்கள் முறுக்கே இல்லாமல் பட்டையாகச் சேர்ந்து வந்தால், மேலே சொன்ன கதவுக் கதைதான்.

சாட்டின் துணியில் பளபளப்பான முன்பக்கத்தில் ஊடை சரியாகத் தெரியாது. திருப்பிப் போட்டு எண்ணுங்கள்.

கேள்வி: 600 என்று சொல்லி வாங்கினேன். ஆறு மாதத்தில் மேலே குட்டிக் குட்டியாக நூல் உருண்டைகள். ஏன்?

நூல் என்பது பஞ்சு இழைகளை முறுக்கியது. ஒவ்வோர் இழைக்கும் இரண்டு நுனி. இழை குட்டையாக இருந்தால் அதே நீள நூலுக்கு இழைகள் அதிகம், நுனிகளும் அதிகம். அந்த நுனிகள் நூலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, நாம் புரளும்போது உரசி, ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகின்றன. குட்டை ரகப் பஞ்சு 25 மில்லிமீட்டருக்கும் கீழே, மிக நீள ரகம் 34 மில்லிமீட்டர் பக்கம் தொடங்கும். பார்க்க ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் பெட்ஷீட்டின் ஆயுளில் பாதியை அது தீர்மானித்துவிடும். கவரில் ‘கோம்ப்டு’ என்று இருந்தால், நூற்பதற்கு முன் சீப்பால் வாருவது போல வாரிக் குட்டை இழைகளைக் கழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்ணைவிட எனக்கு இந்தச் சொல் முக்கியம்.

இன்னொரு காரணம் கலப்பு. வெறும் பருத்தியில் உருண்டை வந்தாலும் துவைக்கத் துவைக்க உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கலந்திருந்தால், அந்த இழை அறாமல் உருண்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உதிரவே விடாது. கலப்பா என்று தெரிய வேண்டுமானால் உருவிய ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் தூளாகும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். சாம்பலும் கெட்டியும் சேர்ந்து வந்தால் கலப்பு. பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என்று இரண்டு பக்கமும் செய்து பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் உருகுவதும் உண்டு.

இருப்பதைக் காப்பாற்ற: உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள், டவல், ஜீன்ஸோடு சேர்த்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘1800 சீரிஸ்’ என்று ஒரு பெட்ஷீட். மேகம் மாதிரி இருக்கும் என்கிறார்கள்.

அது மைக்ரோஃபைபர். முழுக்க பாலியெஸ்டர், ஒரு டெனியருக்கும் (இழையின் பருமனைச் சொல்லும் அளவு) மெலிதான இழை. அதில் 1800 என்பது எந்த எண்ணிக்கையும் இல்லை, ‘சீரிஸ்’ என்ற வார்த்தையை நைசாகப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மென்மையாக இருக்கும், கசங்காது, சீக்கிரம் உலரும், விலையும் குறைவு. வியர்வையை மட்டும் உறிஞ்சாது. விருந்தினர் அறைக்கு வாங்கிப் போடலாம், தினமும் படுக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ‘எகிப்தியப் பருத்தி’ என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். உலகில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாதாரண அப்லேண்ட் ரகம். எகிப்தின் கிசா, அமெரிக்காவின் பிமா, நம் சுவின் எல்லாம் நீள இழைகொண்ட வேறொரு செடி இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் நூற்ற நூல் மெலிதாகவும் அதே சமயம் உறுதியாகவும் இருக்கும். பெயருக்குக் காரணம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் பெயர் விற்கிறது என்றால் போலியும் வரும். 2016-இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், தான் எகிப்தியப் பருத்தி என்று விற்ற சுமார் ஏழரை லட்சம் விரிப்புகளும் தலையணை உறைகளும் வேறு பருத்தியில் செய்யப்பட்டவை என்று கண்டுபிடித்து, தயாரித்துக் கொடுத்த நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய கடைக்கே இரண்டு வருடம் தெரியாமல் போன விஷயம் அது. அதனால் ‘100 சதவீதம்’ என்று இருக்கிறதா, வெறும் ‘எகிப்தியப் பருத்தி கலந்தது’ என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கலந்தது என்றால் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையா, சாதாரணப் பருத்தி என்றே வைத்துக்கொண்டு விலையை யோசியுங்கள்.

கேள்வி: ராத்திரியில் எனக்கு அதிகம் வியர்க்கும். அதிக த்ரெட் கவுண்ட் குளிர்ச்சி தருமா?

நேர்மாறு. நெருக்கி நெய்ய நெய்யக் காற்று போக வழி குறையும். 200 பக்கத்து பெர்கேல் உங்களுக்குச் சரி, சாட்டின் வேண்டாம். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் லினன். ஆளி நாரில் செய்த லினனின் த்ரெட் கவுண்ட் 100 பக்கம்தான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத் தாழ்வாக நினைக்க வேண்டாம், நூலே தடிப்பானது. ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும், சட்டென்று உலரும். கசங்கல்தான் அதன் குணம், அதை இஸ்திரி போட்டு வெல்ல முடியாது.

கேள்வி: கடையில் தொட்டபோது வெண்ணெய் மாதிரி இருந்தது. நாலு முறை துவைத்ததும் சாக்கு மாதிரி ஆகிவிட்டது!

நீங்கள் கடையில் தொட்டது துணியை அல்ல, அதன்மேல் பூசியிருந்த சிலிகோன் மென்மையூட்டியை. அது துவைக்கத் துவைக்கப் போய்விடும், அடியில் இருந்த துணி வெளியே வரும். நல்ல பெர்கேலுக்குக் கதை தலைகீழ். முதல் நாள் விறைப்பாக இருந்து, துவைக்கத் துவைக்க இளகும்.

கடையில் தொடுவதற்கு முன் துணியைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி சீராகக் கசிந்தால் சரி, அங்கங்கே திட்டுத் திட்டாகவும், கோடு கோடாகத் தடித்தும் தெரிந்தால் நூலே சமமில்லை. இரண்டு விரலுக்கிடையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள், மாவு போல உதிர்ந்தால் கஞ்சியேற்றிக் கெட்டியாகக் காட்டியிருக்கிறார்கள். கடைசியாக மூலைவாட்டில் லேசாக இழுத்து விடுங்கள். பழையபடி திரும்பாமல் கோணிக்கொண்டு நின்றால் நெசவு தளர்வு, அந்தத் துணி தையலோரத்தில் விரிந்துபோகும்.

கேள்வி: ஜி.எஸ்.எம். என்று ஒன்று போடுகிறார்களே?

ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். பெர்கேல் ஏறக்குறைய 110–130, சாட்டின் கொஞ்சம் கூடுதல், மேலே பஞ்சு எழுப்பிய ஃபிளானல் 150-க்கு மேல். ஃபிளானலுக்கும் பின்னலாடை ரக ஜெர்சிக்கும் த்ரெட் கவுண்ட் பார்ப்பதில் பொருளே இல்லை, எடைதான் கணக்கு.

கேள்வி: ஓரம் முழுக்க எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்கினேன். துவைத்தபின் மெத்தையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

பருத்தி முதல் சில துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். இரண்டு மீட்டர் நீளத்தில் அது ஆறிலிருந்து பத்து சென்டிமீட்டர், அதாவது ஏறாமல் போவதற்குப் போதுமான அளவு. ‘சான்ஃபரைஸ்டு’ அல்லது ‘முன்பே சுருக்கப்பட்டது’ என்று இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆலையிலேயே துணியை இயந்திரத்தில் அழுத்திச் சுருக்கிவிடும் முறை அது, சான்ஃபோர்டு கிளூயெட் என்பவர் 1930 வாக்கில் கொண்டுவந்தது. வாங்கும்போது மெத்தையின் நீள அகலத்தோடு உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். வெந்நீரும் டிரையரில் அதிகச் சூடும் வேண்டாம், சாதாரண அழுக்குக்கு 40 டிகிரி போதும்.

கேள்வி: என் மகனுக்குத் தூசி அலர்ஜி. நெருக்கமான துணி என்பதால் 600 வாங்கினால் மெத்தையில் வாழும் தூசி உண்ணிகளைத் தடுக்குமா?

அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் தூசி உண்ணியின் எச்சத் துகள், அது 10 முதல் 40 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதைத் தடுக்கவென்றே மெத்தை, தலையணைகளுக்கு ஜிப் வைத்த முழு உறைகள் வருகின்றன, அவற்றில் பார்க்க வேண்டியது துளை அளவு. 10 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். பெட்ஷீட்டின் த்ரெட் கவுண்ட் அந்த வேலையைச் செய்யாது. உறையைப் போட்டுவிட்டு, மேலே விரிக்கும் பெட்ஷீட்டை வாரம் ஒருமுறை 60 டிகிரி நீரில் துவையுங்கள், அந்தச் சூட்டில் உண்ணிகள் சாகும். மேலே நான் சொன்ன 40 டிகிரி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 60 டிகிரியை வாராவாரம் தாங்க வேண்டும் என்பதால் வெள்ளை அல்லது வெளிர்நிற, முன்பே சுருக்கிய பெர்கேலாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: தலையணை உறைக்கும் இதே கணக்குதானா?

அதேதான். ஒரே ஒரு சலுகை, விரிப்பு பெர்கேலாக இருந்தாலும் உறையை மட்டும் சாட்டினில் வாங்கலாம். முடி சிக்காமல் வழுக்கும், கால் நகம் அங்கே வராது. உறைதான் எப்போதும் முதலில் நைந்துபோகும், அதனால் செட்டோடு கூடுதலாக ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.